ஒரு முழம் சிவப்பு

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற வாசகர்கள் ஒரு தடவை குனிந்து அதன் என்ஜினைப் பார்க்கவேண்டும். பெட்ரோல் தொட்டிக்கு அடியிலிருந்து கிளம்பி என்ஜினின் தலையில் போய்ச் சேருகிற கறுப்பு ஒயர் ஒன்று தெரியும். பிளக் ஒயர் என்பார்கள். ஒரு முழ நீளம் இருந்தால் அதிகம். வண்டியில் வேறு ஒயர்களும் இருக்கின்றன. அவையெல்லாம் உறைக்குள் ஒடுங்கிக் கிடப்பவை. இது ஒன்றுதான் தைரியமாக வெளியே தெரிகிறது. அதனால்தானோ என்னவோ, வண்டியை அலங்கரிக்க நினைக்கும் இளைஞர்களின் கண் இதன் மேல் விழுகிறது. கறுப்பைக் கழற்றிவிட்டுச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பளிச்சிடும் பருத்த ஒயரைப் போட்டுக்கொள்கிறார்கள்.

இது அமெரிக்காவில் செழித்த மோகம். அங்கே எட்டு சிலிண்டர் கார்களின் மூடியைத் திறந்துவைத்து, எட்டு ஒயர்களையும் ஒரே வர்ணத்தில் வரிசையாக ஓடவிட்டு அழகு பார்ப்பார்கள். ஹார்லி டேவிட்சனுக்கு இரண்டு சிலிண்டர். நம்மூரில் ஓடிய ராஜ்தூத் 350க்கும் இரண்டு. நம்முடைய பழைய புல்லட்டுக்கோ ஒரே சிலிண்டர், ஒரே பிளக், ஒரே ஒயர். ஒற்றை ஒயருக்கு இத்தனை அலங்காரமா என்று நீங்கள் கேட்கலாம். ஒற்றைப் பிள்ளை இருக்கிற வீட்டில்தானே ஐயா அலங்காரம் அதிகம்!

நாஞ்சில் நாட்டுக்காரன் இதைக் கேலி செய்ய நியாயமில்லை. உழவு மாட்டின் கொம்புக்கு வர்ணம் தீட்டிக் கழுத்தில் மணி கட்டியவர்கள் நாம். ஆயுத பூஜையன்று தோவாளைப் பூவை முழம் போட்டு வாங்கிப் பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் ஒரே மாதிரி சூட்டுகிறவர்கள். வடசேரியில் செய்கிற கோயில் நகையின் சிவப்புக் கல் சாமிக்கும் அழகு, நாட்டியமாடும் பெண்ணுக்கும் அழகு. உழைக்கிற பொருளை அலங்கரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் அதிலே ஒரு மரியாதை உண்டு. கொம்பின் வர்ணம் மாட்டின் நடையைத் தடுக்காது. ஆடுகிறவளின் காலில் சிக்குகிற நகையை எவரும் நகை என்று சொல்வதில்லை.

பிளக் ஒயருக்கும் இந்த மரியாதை வேண்டும். அதன் வேலை சாதாரண வேலையல்ல. பேட்டரியில் இருப்பது 6 அல்லது 12 வோல்ட். காயில் அதை 10,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றிவிடுகிறது. அவ்வளவும் இந்த ஒரு முழத்தின் வழியாகத்தான் பிளக்குக்குப் போய்ப் பொறியாகிறது. புல்லட் என்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு பொறி வேண்டும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்று வைத்துக்கொண்டால், வினாடிக்கு 25 பொறி! ஆகவே மேல்தோலின் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சிலிகோன் தோல் சூட்டைத் தாங்கும். உள்ளே வெறும் செம்பு என்றால் மின்சாரம் நன்றாகப் பாயும். ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்கும். அதை அடக்கப் பிளக்கிலோ அதன் தொப்பியிலோ ஒரு தடை வைத்திருக்கவேண்டும், அல்லது ஒயரின் உள்ளே கரி இழை இருக்கவேண்டும். மின்னணுக் கருவிகள் நிறைந்த இன்றைய வண்டிகளில் இந்தக் கரகரப்பு என்ஜினையே குழப்பிவிடக்கூடும். மற்றபடி, 7 மில்லிமீட்டருக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால் வண்டி பறக்கும் என்பதெல்லாம் வெறும் ஆசை. கனப்பது பெரும்பாலும் தோல்தான்.

நாகர்கோவிலில் எங்கள் தெருவில் 1978-ஆம் வருஷத்துப் புல்லட் ஒன்று நிற்கிறது. ஓட்டியவர் காலமாகி இரண்டு வருஷமாகிறது. மகன் அதற்குச் சிவப்பு ஒயர் போடவேண்டும் என்று ஆரம்பித்தான். தாயார் சம்மதிக்கவில்லை. வண்டியில் ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்பது அவர் கட்சி.

"அப்பா வச்சிட்டுப் போனது அப்படியே கெடக்கட்டும் மக்கா" என்றார்.

"அழகாட்டு இருக்கும்மா" என்றான் அவன். அதற்கு மேல் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை.

பஞ்சாயத்துக்கு என்னை அழைத்தார்கள். கூடவே, அந்த வண்டியைப் பல வருஷமாகப் பார்த்துவரும் மெக்கானிக்கும் வந்திருந்தார். அவர் ஒன்றும் பேசாமல் இருட்டும் வரை காத்திருந்து வண்டியைக் கிளப்பினார். ஒயரின் மேல் நீல நிறத்தில் சின்னச் சின்ன மின்னல் ஊர்ந்தது. வருஷத்துக்கு இரண்டு பருவமழையும் உப்புக் காற்றும் சேர்ந்து தோலை வெடிக்கவைத்துவிட்டன. பொறி பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசிந்துகொண்டிருந்தது.

"மாத்தத்தான் வேணும் அக்கா" என்றார். "இதுவும் கம்பெனி ஒயரு ஒண்ணும் இல்ல. நான் போட்டதுலேயே இது மூணாவது. மொதத் தடவை மாத்தும்போ அண்ணன் நீலக் கலரு கேட்டாரு. டவுண் பூரா தேடியும் கெடைக்கல்ல. சரி, கறுப்பையே போடும்னு சொல்லிட்டாரு."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீலமா? எங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்றார்.

பையன் மெதுவாக, "அப்போ நீலமே போட்டிரலாம்மா" என்றான்.

"வேண்டாம் மக்கா. அவரு ஆசைப்பட்டது அவரோட போச்சு. ஒனக்குச் செவப்புத்தானே பிடிக்கும்? அதைப் போடு."

மெக்கானிக் தம் நிபந்தனைகளைச் சொன்னார்: பழைய ஒயரின் நீளத்துக்கு ஒட்ட வெட்டவேண்டும், சூடான சிலிண்டர் தலையையோ புகைக்குழாயையோ தொடாமல் ஓடவேண்டும், தண்ணீர் புகாதபடி தொப்பி இறுகப் பொருந்தவேண்டும், உள்ளே என்ன இழை என்று கேட்டு வாங்கவேண்டும். பையன் எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டான்.

இறந்தவர்களின் பொருளை மாற்றாமல் வைத்திருப்பது அன்பு என்று நினைக்கிறோம். அவர்களே எத்தனை தடவை அதை மாற்றினார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அந்த மனிதர் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியது ஓடுகிற வண்டியை; காட்சிப் பொருளை அல்ல. ஓடுகிற வண்டியில் ஒயர் தேயும், நிறமும் மாறும். இப்போது அந்தத் தெருவில் மழை நாளிலும் புல்லட் முதல் உதையிலேயே கிளம்பிவிடுகிறது.