கரையோரத்து இரண்டாம் ஆள்

காஞ்சியை நாம் கோயில்களின் வழியாகவே அறிந்து வைத்திருக்கிறோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோயிலைச் சுற்றி வந்து, வைகுந்தப் பெருமாள் கோயில் சுவர்களில் பல்லவர் வரலாற்றைச் சிற்பங்களாகக் கண்டு, அத்திகிரி வரதரைச் சேவித்துவிட்டு, திரும்பும் வழியில் பட்டுப்புடவை வாங்குகிறோம். கோயில் வேறு, தறி வேறு என்பது நம் எண்ணம்.

செப்பேடு அவ்வாறு சொல்லவில்லை. பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் வெளியிட்டு, இன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்பேடு, ஊரகப் பெருமாள் கோயிலின் நிவந்தங்களைக் கவனிக்கும் பொறுப்பைக் காஞ்சியின் நெசவாளர் சேரிகளிடம் ஒப்படைக்கிறது. தறியில் அமர்ந்தவர்களே தெய்வத்தின் கணக்கையும் பார்த்திருக்கிறார்கள்.

பிள்ளையார்பாளையத்துக் குழித்தறி ஒன்றின் அருகே நின்றபோது கோர்வை என்னும் சொல்லின் பொருள் நமக்கு விளங்கிற்று. உடலுக்கு ஒரு நிறம், கரைகளுக்கு வேறு நிறம். ஆகவே மூன்று நாடாக்கள். நெய்பவர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட இயலாது. ஒரு பக்கத்துக் கரையில் இரண்டாம் ஆள் அமர வேண்டும். ஒவ்வொரு ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. புடவை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள்.

அந்த இரண்டாம் ஆள் நெடுங்காலம் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தான். "பையன் பள்ளிக்கூடம் போறான் சார், சந்தோஷம்தான். ஆனா கோர்வைக்கு ஆள் இல்ல" என்றார் அந்த நெசவாளர். வளர்ந்த பிள்ளைகளை இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும் அழைத்துக்கொள்கின்றன. மாதம் பிறந்தால் சம்பளம் தரும் தொழிற்சாலையைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? இதே ஊரில், 1909இல், நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை படிக்கப் போகாமல் தறியிலேயே இருந்திருக்கலாம் என்று யாரேனும் சொல்வோமா?

காஞ்சிப் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரைக் காக்கும். கரையோரத்தில் ஆளை அமர்த்தாது. கோர்வை இல்லாமல் ஒற்றை ஆள் நெய்வது எளிது, விலையும் குறைவு. கண்ணுக்கு வேறுபாடு சட்டென்று தெரியாது.

பிள்ளைகளை மறுபடி தறிக்கு அழைப்பது வழியன்று. வளர்ந்த ஒருவர் மனமுவந்து அமரும் அளவுக்கு அந்த இடத்துக்குக் கூலி வேண்டும். திருமணப் புடவைக்கு விலை பேசுகையில் சரிகையின் தரத்தை விடாமல் கேட்கிறோம். இது கோர்வையா, எத்தனை பேர் நெய்தார்கள், இரண்டாமவருக்கு என்ன கூலி என்றும் கேட்கலாமே.