பட்டா இல்லாத வேட்டை

செங்கல்பட்டு வட்டாரத்து நீதித்துறை நடுவர் நீதிமன்றம் ஒன்றில் நான் நடத்திய வழக்கு இது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்ட என் கட்சிக்காரர், ஓர் இருளர் பழங்குடியினர், அறுபதை நெருங்கியவர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, மனை போடுவதற்காகக் கம்பி வேலி அடித்திருந்தார். பெரியவர் விடியற்காலையில் உள்ளே போய் வரப்பைத் தோண்டிக்கொண்டிருந்தபோது காவலாளி பிடித்துவிட்டார். அத்துமீறி நுழைந்ததற்கு 447, திருட முயன்றதற்கு 379 உடன் 511 என்று, அப்போது நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டப்படி குற்றப்பத்திரிகை வந்தது.

ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போகலாம் என்று பலரும் சொன்னார்கள். 447-க்கு மூன்று மாதச் சிறை அல்லது ஐந்நூறு ரூபாய் அபராதம், அல்லது இரண்டும், அதற்குமேல் இல்லை. பெரியவர் சம்மதிக்கவில்லை. "எலி புடிக்கத்தான் சார் போனேன். திருடப் போனேன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?" அவர் சொன்னதே சரி. திருட்டு முயற்சியை ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், பிறகு அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பம்புசெட் மோட்டார் காணாமல் போனாலும் போலீஸ் முதலில் அவர் குடிசைக்குத்தான் வரும்.

கைப்பற்றிய பொருள்களாகக் கடப்பாரையையும் ஒரு மண்பானையையும் படிவம் 95-இல் காட்டியிருந்தார்கள். அடியில் ஓட்டை போட்ட பானை அது. வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, பானையின் வாயை எலி வளையில் அழுத்தி, ஓட்டை வழியாக ஊதினால் புகை உள்ளே இறங்கும். மற்ற வாசல்களை முன்பே அடைத்துவிடுவார்கள். வளைவாயில் கிடக்கும் புதுமண்ணைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, பாம்பு புகுந்திருக்கிறதா என்று இருளர்கள் சொல்லிவிடுவார்கள். பிடித்த எலி அவர்களுக்குக் கறி. வளைக்குள் எலி சேர்த்துவைத்த நெற்கதிர் கூலி. விவசாயிக்கோ மகசூல் தப்பிக்கும்.

குறுக்கு விசாரணையில் காவலாளியிடம் ஒரே கேள்வியைத்தான் அழுத்திக் கேட்டேன்: "அவர் கையில் இருந்த சாக்கில் என்ன இருந்தது?" "எலிங்க சார்" என்றார். எலிகள் பட்டியலில் ஏறவில்லை. ஆனால் சாட்சியத்தில் ஏறிவிட்டன.

அடுத்து, நிலத்தை விற்ற விவசாயியையே எதிரி தரப்புச் சாட்சியாக நிறுத்தினேன். அறுவடை நெருங்கினால் இந்தக் குடும்பத்துக்குச் சொல்லி அனுப்புவது தன் அப்பா காலத்து வழக்கம் என்றார். இப்போது தரிசாகக் கிடக்கும் அந்த வரப்புகளில்தான் எலி பெருகிப் பக்கத்து வயலை அழிக்கிறது என்பதையும் சொன்னார். அத்துமீறலுக்கு நுழைந்தால் மட்டும் போதாது. குற்றம் செய்யவோ, நிலம் வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, எரிச்சலூட்டவோ உள்நோக்கம் வேண்டும். எரிச்சல் உண்டாகும் என்று தெரிந்திருப்பது வேறு, அதற்காகவே நுழைவது வேறு என்று மாத்ரி எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டினேன். பெரியவர் விடுதலையானார்.

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "அப்போ இனிமே அங்க போலாமா சார்?"

போகக்கூடாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அவரைக் காப்பாற்றிய சாட்சியமே அவர் உரிமைக்கு எதிராக நின்றது. விவசாயி அழைத்துத்தான் போனார் என்றால் அது வெறும் அனுமதி. நிலம் கைமாறினால் புது உரிமையாளரை அந்த அனுமதி கட்டுப்படுத்தாது என்கிறது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு. இருபது ஆண்டு அனுபவத்தைக் காட்டி வசதியுரிமை கோரலாமா என்றால், அந்த உரிமை இன்னொரு நிலத்தை வைத்திருப்பவருக்குத்தான் உண்டு. சொந்த நிலம் இல்லாதவர் எதைக் காட்டுவார்? நிலம் இல்லாதவரும் வழக்காற்று உரிமை கோர அச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு இடம் விடுகிறது. ஆனால் அங்கும் 'அனுமதியாக இருக்கக்கூடாது' என்ற நிபந்தனை குறுக்கே வருகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வயலுக்கு வராது. காட்டில்கூட வேட்டை உரிமையை அது வெளிப்படையாக விலக்கிவைத்திருக்கிறது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், இருளர்கள் நம்பியிருந்த பாம்புத் தோல் தொழிலை நிறுத்தியது. பாம்புகளின் நன்மைக்கு அது தேவைதான். எலியையோ அச்சட்டம் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது; பிடிக்கத் தடை இல்லை. எலி இருக்கும் மண்ணில் கால் வைக்கத்தான் வழியில்லாமல் போனது. இருளர்கள் தமிழ்நாட்டில் அழியும் நிலைப் பழங்குடிகள் ஆறில் ஒரு பிரிவினர். வயல் மனையாகும்போது பட்டாதாரருக்கு விலை கிடைக்கிறது. தலைமுறையாக அங்கே வேட்டையாடியவருக்கு ஒரு காகிதமும் கிடைப்பதில்லை.

காகிதம் கொடுக்க முடியும் என்பதற்கு வடநெம்மேலியே சாட்சி. 1978-இல் தொடங்கி, அங்கே இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், அரசு அனுமதியோடு நல்ல பாம்பையும் விரியன்களையும் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறது. அந்த மரபில் வந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. விஷத்துக்குச் செய்ததை எலிக்கும் செய்யலாம். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் எலி பிடிக்க இருளர் குடும்பங்களுக்கு ஊராட்சி எழுத்தில் அனுமதி தரட்டும். தரிசு மனைகளில் எலி ஒழிக்கும் வேலையை வேளாண் துறை கூலி கொடுத்து அவர்களிடம் ஒப்படைக்கட்டும். அப்படி ஓர் உத்தரவு அவர் மடியில் இருந்திருந்தால், அந்தப் பெரியவர் கோர்ட் படி ஏறியிருக்கவே வேண்டாம்.