திரியம்பகப் பிரயாணமும் தார்க் கறையும்

ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கிறவன், கையில் பாஸ் இருக்கும்போது மோட்டார் வண்டியில் யாத்திரை கிளம்புவது, சோறு போடும் எஜமானுக்குச் செய்கிற சிறு துரோகம் என்று காரியாலய நண்பர்கள் என்னைக் கேலி செய்தார்கள். கல்யாணில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் நாசிக் ரோடு. அங்கிருந்து திரியம்பகத்துக்கு பஸ் இருக்கிறது. எல்லாம் உண்மையே. ஆனால் என் மாமனாரின் முழங்கால்கள் எந்தக் கால அட்டவணைக்கும் கட்டுப்படுவதில்லை. எழுபத்து நான்கு வயதில் அவரை நிலையத்து மேம்பாலப் படிகளில் ஏற்றி இறக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் கும்பகோணத்துக்காரர். காவிரியில் முழுகியே வளர்ந்த உடம்பு. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் ‘இங்கே ஆறு எங்கே?’ என்று கேட்பார். கோதாவரி பிறக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆவல். இந்த ஆவலை என் மனைவி கீழ்வீட்டு மராத்திய அம்மாளிடம் சொல்ல, அன்று மாலையே அவருடைய கணவர் மாடியேறி வந்து, தம்முடைய வண்டியின் சாவியை என் கையில் வைத்துவிட்டார்.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் குழந்தைகள் அவரைக் ‘காகா’ என்று கூப்பிடுவார்கள். ரயில்வே பணிமனையில் பெட்டிகளுக்கு வர்ணம் பூசும் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அப்போது கைக்கு வந்த பணத்தில் வாங்கிய வண்டி அது. வாங்கி ஐந்து மாதந்தான் ஆகியிருந்தது. தூய வெள்ளை. தினமும் காலையில் அவர் அதைத் துடைக்கும் அழகைப் பார்த்தால், அபிஷேகம் செய்கிறாரோ என்று தோன்றும். அதைத்தான் எங்களிடம் கொடுத்தார்.

எங்கள் கட்டடத்தில் பதினாறு குடித்தனங்கள். தமிழ்க் குடும்பம் எங்களுடையது ஒன்றே. இப்படி வாழும் அன்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் செய்கிற காரியம் நாம் செய்ததாக மட்டும் நிற்பதில்லை. ‘தமிழர் செய்தார்’ என்று ஆகிவிடும். சாவியை வாங்கிய இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஐப்பசிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். வண்டியை ஓட்டியவன் என் மைத்துனன். பட்கா வழியாக மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையைப் பிடித்து, சஹாபூர் தாண்டும்போது பொழுது புலர்ந்தது. கசாரா மலைப்பாதை தொடங்கும் இடத்தில் பனி விலகி, கீழே ரயில் பாதை தெரிந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மாமனாருக்கு அதைக் காட்டினேன். 1865-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை அது. 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். சமவெளியில் ஓடுகிற எஞ்சின் இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆகையால் கசாராவில் வண்டியின் வாலில் வேறு எஞ்சின்களைச் சேர்த்து இகத்புரி வரையில் பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். நாங்கள் நின்ற நேரத்துக்கு ஒரு வண்டியும் அவ்வாறே ஊர்ந்து சென்றது. “முன்னே இழுக்கிறவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பின்னே தள்ளுகிறவனை யார் பார்க்கிறார்கள்?” என்றார் மாமனார். குமாஸ்தாவான எனக்கு அந்த வார்த்தை மிகவும் பிடித்தது.

இகத்புரிக்கு அப்பால் கோட்டி என்று ஓர் ஊர். திருநெல்வேலி அன்பர்கள் சிரிக்க வேண்டாம். ஊரின் பெயரே அதுதான். அங்கே நெடுஞ்சாலையை விட்டுத் திரியம்பகச் சாலையில் திரும்பினோம். இருபுறமும் நெல் வயல்கள். அறுவடை நடந்துகொண்டிருந்தது. தஞ்சை ஜில்லாக்காரருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மாமனார் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, கதிரின் மணம் தஞ்சாவூர் மணம் அல்ல என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மழைக்காலம் முடிந்தவுடன் எங்கும் சாலை வேலை நடக்கும் அல்லவா? ஓரிடத்தில் பழைய சாலையின் மேல் தார்க் குழம்பைத் தெளித்துக்கொண்டிருந்தார்கள். கொடி பிடித்து நின்ற ஆள் எங்களைப் பொறுக்கச் சொல்லிக் கை காட்டினான். என் மைத்துனனுக்குப் பொறுமை போதாது. எனக்கும் உச்சி வேளைக்குள் கோயிலை அடைந்துவிட வேண்டும் என்ற எண்ணம். ஓரமாக இருந்த இடைவெளியில் வண்டியை விட்டான். நான் தடுக்கவில்லை. சக்கரங்களின் அடியில் பழுப்பு நிறமாக ஏதோ ஈரம் சளசளவென்றது. அப்பால் பொடிக் கற்கள் வண்டியின் அடியில் சடசடவென்று அடித்தன. அவ்வளவுதான்; மறந்துபோனோம்.

திரியம்பகத்தில் குசாவர்த்தக் குளத்துப் படியில் மாமனாரை மெல்ல இறக்கி ஸ்நானம் செய்வித்தோம். பேஷ்வா நானாசாகேப் காலத்தில் கருங்கல்லால் எழுப்பிய கோயில் அது. பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்று. நம் ஊர்க் கோயில்களில் காண்பது போல் உயர்ந்து நிற்கும் லிங்கம் இங்கே இல்லை. ஒரு குழிவுக்குள் பிரம்மா, விஷ்ணு, ருத்திரன் என மூன்று சிறு வடிவங்கள். வெளியே வந்து பிரம்மகிரியை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றார் மாமனார். அரபிக் கடல் இங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர்தான். இருந்தும் இந்த ஆறு அந்தப் பக்கம் திரும்பாமல், 1,465 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலில் சேருகிறது. “நம் கடலுக்குத்தான் வருகிறது” என்றார் அவர். அவர் கண்கள் கலங்கியிருந்தன. வீட்டிலிருந்து தீபத்துக்கென்று கொண்டுவந்த நல்லெண்ணெய்ப் புட்டியில் பாதியை விளக்கில் ஊற்றிவிட்டு, மீதியைப் பையில் வைத்துக்கொண்டார்.

மன நிறைவோடு வண்டிக்குத் திரும்பினோம். வெயிலில் நின்றிருந்த அந்த வெள்ளை வண்டியைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றில் பகீர் என்றது. நான்கு சக்கரங்களுக்கும் பின்னால், கதவுகளின் கீழ்ப்பாதியெங்கும், அம்மை போட்டாற்போல் கரும்புள்ளிகள்! சில கடுகளவு, சில புளியங்கொட்டை அளவு. தண்ணீர் விட்டுத் துடைத்தோம். ஒரு புள்ளியும் அசையவில்லை. என் மைத்துனன் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து ஒரு புள்ளியைச் சுரண்டினான். புள்ளி பெயர்ந்தது, கூடவே ஒரு விரல் நீளத்துக்குக் கீறலும் விழுந்தது. அருகில் நின்ற ஒரு பையன் ‘தின்னர்’ புட்டியுடன் ஓடிவந்து, ஐம்பது ரூபாய் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் போக்கிவிடுவதாகச் சொன்னான். அந்த நிலையில் நான் சம்மதித்திருப்பேன். மாமனார்தான், “ஒரு கீறல் போதும், கிளம்பு” என்றார்.

கோட்டிக்கு அருகே ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினோம். ஒருவர்க்கும் சாப்பாடு இறங்கவில்லை. கதவருகே குந்தியிருந்து நாங்கள் தமிழில் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டு, டி.என். 28 என்ற பலகை தாங்கிய லாரியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். நாமக்கல்காரர். ஐம்பது வயதிருக்கும்.

“ஏனுங்க, காசை வெச்சுச் சுரண்டினீங்களாக்கும்?” என்றார். நாங்கள் பேசவில்லை. “தாருக்குத் தண்ணி ஆகாதுங்க. எண்ணெய்தான் அதுக்குச் சொந்தம். எண்ணெய் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

என்னிடம் எண்ணெய் ஏது? நான் கையை விரித்தேன். மாமனார் தம் பைக்குள் கையை விட்டார். அது அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டு விளக்குக்கு என்று வைத்திருந்த எண்ணெய். ஒரு கணம் புட்டியைப் பார்த்தார். பிறகு எடுத்துக் கொடுத்துவிட்டார். தம் பழைய பருத்தித் துண்டையும் கிழித்துக் கொடுத்தார்.

நாமக்கல்காரர் வண்டியை முதலில் வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். தகடு சூடு ஆறும்வரை தொடவிடவில்லை. சூட்டில் எண்ணெய் காய்ந்துவிடும். இளகிய தார் இழுபட்டுப் பரவும். பிறகு வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார். துணி படாமல் ஊற்றினார். தாரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற கல்பொடி துணியில் அகப்பட்டால், துடைக்கிற கையே உப்புத்தாள் ஆகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ஈரம் போனபின், எண்ணெயில் தோய்த்த துணித்துண்டை ஒரு புள்ளியின் மேல் பற்றுப் போடுவது போல் ஒட்டவைத்தார். அழுத்தவில்லை, தேய்க்கவில்லை. பத்து நிமிஷம் எங்களோடு தேநீர் குடித்தார். வந்து மெல்ல ஒரே திசையில் வழித்தார். துணியில் பழுப்பாக இறங்கிற்று. துணியை மடித்துச் சுத்தமான பக்கத்தால் மறுபடியும் ஒரு வழிப்பு. பெரிய புள்ளிக்கு நான்கு தடவை ஆயிற்று. அதன் கீழே வெள்ளை, புதுசாக அப்படியே இருந்தது!

இரண்டு மணி நேரம் அந்த நிழலில் உட்கார்ந்து நானும் மைத்துனனும் அதையே செய்தோம். அவர் சரக்கு ஏற்றிய வண்டியை விட்டுவிட்டு அவ்வளவு நேரமும் நின்றார் என்று சொன்னால் பொய்யாகும், அரைமணியில் போய்விட்டார். பேர்கூட நாங்கள் கேட்கவில்லை. எண்ணெய் தீர்ந்தது, வலப்பக்கம் முழுதும் சுத்தமாயிற்று. இடப்பக்கத்தில் பாதி மிச்சம்.

வீடு சேர்ந்தபோது இரவு எட்டு மணி. இருட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு மேலே போய்விடலாம் என்று என் மைத்துனன் காதோடு சொன்னான். எனக்கும் அந்த நினைவு வராமல் இல்லை. ஆயினும் காகாவை அழைத்து வந்து, கைவிளக்கை அடித்து, புள்ளிகளையும் கீறலையும் காட்டினேன். கொடிக்காரன் தடுத்ததையும், நாங்கள் மீறிப் போனதையும் மறைக்கவில்லை.

அவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தட்டி நின்றது. “இது மெருகுக்குப் போகாது” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டி, “வா, மிச்சத்தை முடிக்கலாம்” என்றார். முப்பது ஆண்டு வர்ணத்தோடு வாழ்ந்தவர் அல்லவா? வேலை செய்தபடியே பாடமும் நடந்தது. இக்காலத்து வண்டிகளில் பெரும்பாலும் நிறத்தின் மேல் நிறமற்ற ஒரு மெருகுப் பூச்சு இருக்கிறது. அதன் தடிப்பு ஏறக்குறைய ஒரு தலைமயிரின் பருமன்தான். பளபளப்பு எல்லாம் அதில்தான். தின்னர் தாரைக் கரைக்கும் வேகத்திலேயே அதையும் மங்கடித்துவிடும். பெட்ரோலோ, ஆவியாகித் தரையோடு பரவி, எங்கோ இருக்கிற பொறியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். அதைத் துணியில் நனைத்துத் துடைப்பவன் வண்டியோடு வீட்டையும் பணயம் வைக்கிறான் என்றார்.

பிடிவாதமான புள்ளிகளுக்கு அவர் மண்ணெண்ணெய் வைத்திருந்தார். எங்கள் வீட்டில் அதன் வாடையையே மறந்து வெகு காலமாகிறது. முதலில் கதவின் அடி விளிம்பில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஒரு சொட்டு வைத்து நிறம் இறங்குகிறதா என்று சோதித்தார். சில சொட்டுகள் மட்டும் துணியில். பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. ஜன்னல் ரப்பரிலும் கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களிலும் படவிடவில்லை. ரப்பர் உப்பிவிடுமாம், பிளாஸ்டிக் வெளுத்துவிடுமாம். புள்ளி போன கையோடு வண்டி கழுவும் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசையை அலம்பினார். துடைத்த இடத்தில் மெருகு மெழுகு தடவினார். துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல், வெளியே விரித்து உலரவிட்டார். எண்ணெய் ஊறிய துணிக் குவியல் தானே சூடேறித் தீப்பிடித்த கதைகளைப் பணிமனையில் கேட்டிருக்கிறாராம். மோட்டார் சாமான் கடைகளில் தார் நீக்கும் திரவம் என்றே புட்டியில் விற்கிறார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் அதற்கும் இதே நிழல், இதே பொறுமை என்றார். புதிதாக வர்ணம் பூசிய வண்டியானால் இவற்றில் ஒன்றையும் தொடாமல் பூசியவனிடமே கொண்டுபோக வேண்டுமாம்.

அந்தப் பழுப்பு ஈரத்தைப் பற்றியும் கேட்டேன். பெட்ரோலியம் வடிக்கும்போது மிஞ்சுகிற கருங்குழம்பைத் தண்ணீரோடு கலந்து சாலையில் தெளிக்கிறார்கள்; பழுப்பாக இருக்கும்வரை அதில் தண்ணீர் இருக்கிறது, கறுத்துவிட்டால் தண்ணீர் பிரிந்துவிட்டது என்று பொருள். பழுப்பாயிருந்தபோதே ஒரு வாளி தண்ணீரை வீசியிருந்தால் பெரும்பகுதி அங்கேயே போயிருக்கும். நாங்கள் அப்போது உச்சிக்காலப் பூஜைக்குப் பறந்துகொண்டிருந்தோம்.

பத்து மணிக்கு வேலை முடிந்தது. கீறலுக்கு ஆகும் செலவை நான் தருவதாகச் சொன்னேன். ஒரு கதவுக்கு மட்டும் புது வர்ணம் பூசினால் மற்ற கதவுகளோடு ஒட்டாது, அது தமக்குத் தெரிந்த தொழில் என்று மறுத்துவிட்டார். பிறகு மாமனாரைப் பார்க்க மாடிக்கு வந்தார். இருவருக்கும் பொதுவான பாஷை இல்லை. மாமனார் செம்பிலிருந்து குசாவர்த்தத் தீர்த்தத்தை அவர் உள்ளங்கையில் ஊற்றினார். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தலையில் தடவிக்கொண்டார்.

கீறல் இன்னும் இருக்கிறது. காலையில் நான் காரியாலயத்துக்கு இறங்கும்போது அவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் கையை ஒரு நொடி நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பங்குனியில் தம் மகளைப் புனேயில் கொண்டுபோய் விட வேண்டும், வண்டியை நீதான் ஓட்டவேண்டும் என்கிறார். நான் இப்போதுதான் வண்டி ஓட்டும் உரிமத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.