பூச்சும் இயல்பும்

தமிழிலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் மோட்டார் வண்டியின் புகைக்குழாயைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுந்தால், இம்மலரைப் படிப்போரிற் சிலர் நகைத்தலும் கூடும். நகைப்போர் நகைக்க. சென்ற கோடை விடுமுறையில் அக்குழாய் எனக்குக் கற்பித்ததனை வேறு எவரும் கற்பித்திலர். ஆதலின் அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயம் வட்டத்தைச் சார்ந்த அரிமளம் எனது ஊர். என் தந்தையாரிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. காலையில் அயலாரின் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவதும், மாலையில் அவர்களை அழைத்து வருவதும், நள்ளிரவில் யாரேனும் நோயுற்றால் மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதும் அவ்வண்டியின் தொழில். எங்கள் குடும்பத்தின் உணவும் என் கல்வியும் அதனால் நடைபெறுகின்றன.

பொங்கல் விடுமுறைக்குச் சென்றிருந்தபோதே அவ்வண்டியின் குரல் மாறியிருந்ததை நான் கேட்டேன். முன்னெல்லாம் மெல்லென ஒலிப்பது, தொண்டை கட்டியவனைப் போலக் கரகரத்தது. எனினும் நான் வாய் திறந்திலேன். என் தேர்வுக் கட்டணத்திற்கென அப்பா ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தார். வண்டியைப் பழுது பார்க்கப் புகுந்தால் அத்தொகை கரையுமே என்னும் அச்சம் என் நாவைக் கட்டிற்று. கட்டுரையின் தொடக்கத்திலேயே இக்குற்றத்தை ஒப்புக்கொள்வது நலம்.

கோடையில் நான் மீண்டும் ஊர் சென்றபோது, வண்டியில் ஏறியிறங்கும் நாளெல்லாம் அம்மாவுக்குத் தலைவலி வருவதாகக் கூறினார்கள். பித்தம் என்று கருதிச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடித்து வந்தார்கள். ஒருநாள் புதுக்கோட்டைக்குச் செல்லும் வழியில் கோடைமழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டோம். பின்னிருக்கையிலிருந்த என் தங்கை சிறிது நேரத்தில் தலை சாய்ந்து, வாயிலெடுத்து, அழைத்த குரலுக்கு விடையளியாது கிடந்தாள். அப்பா வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்து, மழையென்றும் பாராது அவளை வெளியே எடுத்துக் கிடத்தினார். காற்றுப் பட்டபின் அவள் மெல்லக் கண் விழித்தாள். அவளை மருத்துவரிடம் காட்டிவிட்டு, மறுநாட் காலை கண்ணாடிகளை இறக்கியபடியே வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம்.

பட்டறை மேஸ்திரி முதியவர். வண்டியை உயர்த்தி, சைலன்சரின் மேற்புறத்தைத் திருப்புளியால் ஒருமுறை குத்தினார். அப்பளத்தில் விரலை வைத்தாற்போல அது உள்ளே சென்றது. உதிர்ந்த துரு தரையிலே விழுந்தபோது, எங்கள் பக்கத்துச் செம்மண்ணினின்று அதனைப் பிரித்தறிய இயலவில்லை. இரண்டிற்கும் செந்நிறம் தருவது இரும்பின் ஆக்சைடன்றோ!

"தம்பி, ஓட்டை பின்னிருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது, தரைத்தகட்டிலும் பிளவு இருக்கிறது. புகை உள்ளே ஏறியிருக்கிறது," என்றார் அவர். பெட்ரோல் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமுமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினை அஃது உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலாகப் பற்றிக்கொள்ளும். நாங்கள் பித்தமென்று எண்ணியது அந்நஞ்சே.

"மழைநீர் பட்டுத்தானே துருப்பிடித்தது?" என்று வினவினேன். மேஸ்திரி மறுத்தார். "வெளியிலிருந்து வந்ததைவிட உள்ளேயிருந்து வந்ததே மிகுதி," என்றார். அவர் கூற்றின் உண்மையைப் பின்னர் நூல்களிற் கண்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாய்ப் பிறக்கிறது. வண்டி நெடுந்தொலைவு ஓடினால் குழாய் முழுதும் சூடேறி அவ்வாவி வெளியேறிவிடும். சிறு தொலைவே ஓடி நிற்கும் வண்டியிலோ, எஞ்சினுக்குச் சேய்மையிலுள்ள பின்பெட்டி சூடேறுமுன்னரே குளிர்ந்துவிடுகிறது. ஆவி நீராகி, புகையிலுள்ள அமிலங்களோடு கலந்து, அங்கேயே தேங்கி இரும்பை அரிக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டுப் பெட்ரோலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அதனால் அமிலம் குறைந்ததேயன்றி நீர் குறைந்திலது.

இனி, மாற்றுவதற்கு இருவகை உலோகங்கள் உண்டென்றார் மேஸ்திரி. ஒன்று அலுமினியம் பூசிய எஃகு. மற்றொன்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பின்னதன் விலை மிக உயர்வு.

முன்னதன் தன்மையை விளங்கிக்கொள்வது எளிது. பித்தளைப் பாத்திரத்திற் களிம்பேறாதிருக்க ஈயம் பூசுவதை நம் வீடுகளிற் கண்டிருக்கிறோம். அவ்வாறே எஃகுத் தகட்டை, சிறிது சிலிக்கான் கலந்த உருகிய அலுமினியத்தில் தோய்த்தெடுக்கிறார்கள். அலுமினியத்தின் மேல் தோன்றும் மெல்லிய ஆக்சைடுப் படலம் நீரையும் வெப்பத்தையும் தாங்குகிறது. ஆயின், ஈயம் தேய்ந்த இடத்திற் களிம்பு புகுவது போல, தகட்டை வெட்டிய ஓரத்திலும், வெல்டிங் வைத்தபோது பூச்சு எரிந்துபோன இடத்திலும் துரு புகும்.

பின்னது பூச்சன்று, இயல்பு. 1913 இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பார் எஃகோடு குரோமியத்தைக் கலந்து, அது துருவை எதிர்ப்பதைக் கண்டார். குரோமியம் மேற்பரப்பிற் கண்ணுக்குத் தெரியாத படலமொன்றை ஆக்குகிறது; கீறல் பட்டால், காற்றிலுள்ள உயிர்வளியைக் கொண்டு அப்படலம் தானே மீண்டும் உண்டாகிறது. நம் தாய்மார் எவர்சில்வர் என்று வழங்குவதும், சேலம் உருக்காலை 1981 முதல் தகடாக்கி வருவதும் இவ்வினத்தையே.

எவர்சில்வர் என்றதும் என் மனத்தில் அம்மாவின் அடுக்களை தோன்றிற்று. மேஸ்திரி காட்டிய பெட்டியோ மங்கலாயிருந்தது. திருகாணி பொறுக்கும் காந்தக்கோலை அதன்மேல் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. நல்ல எவர்சில்வரிற் காந்தம் ஒட்டாதென்று கேட்டிருந்தேனாதலின், நம்மை ஏமாற்றுகிறார் என்று ஐயுற்றேன். அவர் சினவாது விளக்கினார். உயர்ந்த பாத்திரங்களுக்குரிய 304 என்னும் வகையில் ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உண்டு. அது காந்தத்தை ஏலாது. புகைக்குழாய்க்குரிய 409 என்னும் வகையிற் குரோமியம் 11 பங்கு அளவே, நிக்கல் சேர்ப்பதில்லை, ஆகவே காந்தம் பற்றும். அதன் மேனி பழுப்பேறும். ஆயினும் எளிதில் ஓட்டை விழாது. "பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள் தம்பி," என்றார்.

நான் அப்பாவைத் தனியே அழைத்து, "விலை குறைந்ததையே முழுதும் போடுவோம். கட்டணத்திற்கும் நாள் நெருங்குகிறது," என்றேன். அவர் எனக்கு மறுமொழி கூறாது மேஸ்திரியை நோக்கி, "எங்கள் வண்டிக்கு எது தகும்?" என்று மட்டும் கேட்டார்.

மேஸ்திரி நடுநிலையோடு கூறினார்: "நாள்தோறும் திருச்சிக்கும் மதுரைக்கும் ஓடும் வண்டியானால் அலுமினியப் பூச்சே போதும், உள்ளே ஈரம் தங்காது. ஓரிரண்டு ஆண்டில் விற்றுவிடுவதானாலும் அதுவே போதும். உங்கள் வண்டியோ ஊருக்குள்ளே ஓடி ஓடி நிற்பது. நீர் தேங்குவது பின்பெட்டியிலும் வாற்குழாயிலும்; அவ்விரண்டையும் ஸ்டெயின்லெஸ் ஆக்குங்கள். முன்னேயுள்ள நடுக்குழாய் விரைவிற் சூடேறி உலர்ந்துவிடும். அதற்குப் பூச்சுக் குழாயே தகும்."

அப்பா அவ்வாறே செய்யச் சொன்னார். பின்பு என் தோளைத் தொட்டு, "உன் கட்டணத்திற்கு வேறு வழி தேடலாம். இவ்வண்டியில் ஏறுவோர் ஊரார் பெற்ற பிள்ளைகள்," என்றார். பொங்கலின்போதே கரகரப்பைக் கேட்டதை அப்பொழுதுதான் அவரிடம் கூறினேன். அவர் கடிந்துகொண்டிலர், அதுவே எனக்குக் கடிதாயிருந்தது.

வெல்டிங் வைத்த இடங்களையெல்லாம் மேஸ்திரி கம்பித்தூரிகையாற் சுரண்டி, வெப்பம் தாங்கும் அலுமினிய வண்ணம் பூசினார். தரைத்தகட்டின் பிளவையும் அடைத்துத் தந்தார். விடுமுறையின் எஞ்சிய நாட்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குத் தமிழ் கற்பித்து, என் கட்டணத்தை நானே செலுத்தினேன். அம்மாவின் தலைவலி பின்னர் வந்திலது.

வண்டி வைத்திருக்கும் பழைய மாணவர்கட்கும் ஆசிரியப் பெருமக்கட்கும் என் விண்ணப்பம் ஒன்று உளது. உலோகத்தைத் தேர்வதற்கு முன், வண்டி எவ்வாறு ஓடுகிறது, இன்னும் எத்தனை ஆண்டு ஓடவேண்டும் என்னும் இரண்டையும் எண்ணிப் பாருங்கள். பூச்சு இழிந்ததன்று, தனக்குரிய இடத்தில் அது நன்றே உழைக்கும். ஆனால், எவ்வுலோகமாயினும், வண்டியின் குரல் மாறினாலோ, உள்ளிருப்போர்க்குத் தலை வலித்தாலோ, அன்றே அடியிற் குனிந்து பாருங்கள். நான் கேட்டும் கூறாதிருந்தேன். என் தங்கை மழையிற் கிடந்தாள்.