குன்றின்மேல் ஒரு வீடு

சென்ற ஆவணியில் என் அறைத்தோழனுக்குக் கடுங்காய்ச்சல். ஆட்டோவில் ஏற்றி, நம் பல்கலைக் கழகத்தை அடுத்த ரிட்ஜ் குன்றின்மேல் உள்ள இந்து ராவ் மருத்துவமனையில் சேர்த்தோம். இரவில் துணைக்கு இருந்தவன் நான். தூக்கம் வராமலிருக்க நூலகத்திலிருந்து டில்லி வரலாறு ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். படித்த பிறகு தூக்கம் வரவேயில்லை!

அந்த இடம் முதலில் ஒரு வீடு. 1830ஐ ஒட்டி அதைக் கட்டியவர் வில்லியம் பிரேசர். டில்லியில் கவர்னர் ஜெனரலின் பிரதிநிதி. ஆசையாகக் கட்டிய வீட்டில் அவர் நெடுநாள் வாழவில்லை. 1835 மார்ச் 22 அன்று மாலை, விருந்துண்டு வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு சொத்துத் தகராறில் அவர்மீது பகை கொண்டிருந்த பிரோஸ்பூர் நவாப் ஷம்சுத்தீன் ஏவிய ஆள் சுட்டான் என்று தீர்ப்பாகி, அதே ஆண்டு நவாபும் தூக்கிலேறினார். அந்த நவாபின் நான்கு வயது மகன்தான், பிற்காலத்தில் உருதுக் கவிஞர் தாக் என்று புகழ் பெற்றார். என் மனம் பிரேசரை விட்டு அந்தக் குழந்தையிடம் போய்விட்டது.

பிறகு வீட்டை வாங்கியவர்தாம் இந்து ராவ். குவாலியர் சிந்தியா அரசி பாய்ஜா பாயின் உடன்பிறந்தவர். அவரும் மறைந்த பின் 1857 வந்தது. சிப்பாய்களின் குண்டுகளுக்கு எதிரே, ஆங்கிலேயரின் முன்னணிக் காவலாக அந்த வீடு நின்றது. அதைக் காத்த கூர்க்காப் படையினர் 490 பேரில் 327 பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். கூலிக்குப் போரிட்ட அந்த மலைநாட்டுப் பிள்ளைகளின் பெயர் யாருக்குத் தெரியும்? கட்டியவர் பெயரே வீட்டில் தங்கவில்லையே!

மூன்றாம் நாள் நண்பனின் தாயார் கும்பகோணத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"இந்து ராவா? நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து ராவ்ஜியா, தம்பி?"

"குவாலியர்க்காரர் அம்மா. மராத்தியர்தான்."

அந்த அம்மையாருக்கு அதிலேயே பாதித் தெம்பு வந்துவிட்டது. "நல்ல மனுஷன், வீட்டை ஆஸ்பத்திரிக்குக் கட்டிக் கொடுத்தாரோ?"

கொலையும் தூக்கும் பீரங்கியும் நாவின் நுனிவரை வந்தன. கட்டிலைப் பார்த்தேன்; பிள்ளை வியர்த்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"கட்டினது யாரோ ஒரு வெள்ளைக்காரர் அம்மா" என்றேன். "காய்ச்சல் இறங்கிவிட்டது."