உருக்கும் வாயுவும்: சில எண்ணங்கள்

இயற்கை வாயு என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் தோன்றுவது சமையலறை அடுப்பே. உண்மையில் நம் அடுப்புகளில் எரிவது இயற்கை வாயுவும் அன்று. சிலிண்டரில் அடைத்து வரும் பெற்றோலிய வாயு. நிலத்தடிக் குழாய்களின் வழியே மெதேன் ஊரெங்கும் ஓடும் நாடொன்றில் வாழ்ந்து பாராதவர்க்கு, இவ்வாயுவுக்கும் உருக்கின் உறுதிக்கும் இடையிலுள்ள உறவு எளிதிற் புலப்படுவதில்லை. எனக்கும் அது நூலறிவாகவே இருந்தது. பொறியியற் படிப்பை முடித்தபின், ஐக்கிய அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் வெப்பப் பரிகரிப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஈராண்டு பணியாற்றிய காலத்திலேதான் அவ்வறிவுக்கு உருவமும் வெம்மையும் கிடைத்தன.

வெப்பப் பரிகரிப்பு பெயரளவிற் புதிது, தொழிலளவிற் பழையது. கம்மாலையிற் கொல்லர் அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தெடுக்கின்றாரே, அதுவும் வெப்பப் பரிகரிப்பே. தோய்ச்சல் மிகுந்தால் வாய் நொறுங்கும், குறைந்தால் மழுங்கும். அவருடைய கண்ணே அவருக்கு வெப்பமானி. மோட்டார் வாகனத் தொழில் பெருகிய நாட்டிலோ இக்கண்ணளவு போதாமற் போயிற்று. ஆயிரக்கணக்கான பற்சில்லுகள் ஒரே பதத்தில் வெளிவர வேண்டியிருந்தது. உருக்குப் பரிகரிப்போருக்கான கழகம் 1913ஆம் ஆண்டில் டிட்ரோயிட் நகரிலே தோன்றியமை தற்செயலன்று.

பற்சில்லின் தேவை விசித்திரமானது. ஒன்றோடொன்று உரசும் பல்லின் மேற்பரப்பு தேயாத வன்மையுடன் இருத்தல் வேண்டும். உள்ளுடலோ அதிர்ச்சியைத் தாங்கும் பாங்குடன் இருத்தல் வேண்டும். ஒரே உருக்கில் இவ்விரண்டையும் பெறும் வழியே காபனேற்றல். 0.2 சதவீதமளவு காபன் கொண்ட உருக்கை ஏறக்குறைய 925 பாகை செல்சியசில் வைத்து, அதன் தோலில் மட்டும் 0.8 சதவீதம் அல்லது சற்று மேலாகக் காபனைப் புகுத்தி, பின்னர் எண்ணெயிற் சடுதியாகக் குளிர்விப்பர். முற்காலத்தில் இரும்புப் பெட்டிகளிற் கரித்தூளோடு சில்லுகளைப் புதைத்து, பெட்டியையும் கரியையும் சேர்த்தே மணிக்கணக்காகக் காய்ச்சினர். வாயு வந்ததும் பெட்டியும் கரித்தூசியும் ஒழிந்தன. மெதேனை அளவான வளியோடு கலந்து, ஏறத்தாழ 1040 பாகையிலுள்ள நிக்கல் ஊக்கியின்மீது செலுத்தினால், 40 சதவீதம் ஐதரசன், 40 சதவீதம் நைதரசன், 20 சதவீதம் காபனோரொட்சைட்டு என்னும் அளவிலான கலவை பிறக்கின்றது. அதனை உலைக்குள் நிரப்பி, மேலும் சிறிது மெதேனை ஊட்டினால், உருக்கு தனக்கு வேண்டிய காபனை அந்தக் காற்றிலிருந்தே பெற்றுக்கொள்ளும். உலையினுள்ளே பொருத்திய குழாய்களுக்குள் அதே மெதேன் எரிந்து வெப்பத்தையும் தருகின்றது. எரிபுகை குழாயோடு வெளியேறுவதால் உருக்கைத் தீண்டுவதில்லை. ஒரே பொருள் ஓரிடத்தில் விறகு, மற்றோரிடத்தில் உணவு! வாயுவைப் பரப்ப முனைந்தோர் இவ்விரண்டாவது பணியை ஏன் உரத்துப் பேசவில்லை என்று நான் அந்நாளில் வியந்ததுண்டு.

அவர்கள் பேசியது செலவைப்பற்றியே. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1976-77 மாரிகாலத்தில் அந்நாட்டில் இயற்கை வாயுவுக்குக் கடுந்தட்டுப்பாடு ஏற்பட்டுத் தொழிற்சாலைகளும் பாடசாலைகளும் மூடப்பட்டன. 1978இல் இயற்றப்பட்ட சட்டமொன்று புதிய மின்னிலையங்களிலும் பெருங் கொதிகலன்களிலும் இவ்வாயுவை எரிப்பதைத் தடுத்தது. 1987இல் அத்தடை நீங்கிற்று. முன்பு மறைத்துவைத்துப் பங்கிட்ட பண்டத்தையே பின்பு கூவி விற்கும் நிலை வந்தது. 1976இல் நிறுவப்பட்ட வாயு ஆராய்ச்சி நிறுவனம், குழாய்வழிச் செல்லும் வாயுவின் விலையோடு சேர்த்து அறவிட்ட சிறு கட்டணத்தால் இயங்கியது. தொழிலுலைகளின் வினைத்திறனை உயர்த்தும் ஆய்வும் அதன் பணிகளுள் ஒன்று. ஆராய்ச்சியும் விற்பனையும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன என்று குறைகூறுவோர் உளர். பயனுள்ள சுடரடுப்பு ஒன்றை ஆக்கித் தந்தவரை அக்காரணத்தாற் பழிக்க என் மனம் ஒப்பவில்லை. ஆயினும் அவர் தரும் கணக்கை மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நம் கடன்.

நான் பணிபுரிந்த இடத்தில் அக்கணக்கு வெறும் தாளில் நிற்கவில்லை. உலைகள் பழையன, வாயுச் செலவு ஏறிக்கொண்டிருந்தது, கூலிக்குப் பரிகரிக்கும் சிறு தொழிற்சாலையாதலால் விலையை உயர்த்தினால் வேலை அயலூருக்குப் போய்விடும். உலையை மூடினால் நாற்பது குடும்பங்களின் பிழைப்பு போகும். வாயு விற்போரின் பிரதிநிதி ஒரு வாரமும் மின்சாரம் விற்போரின் பிரதிநிதி மறுவாரமுமாக வந்து சென்றனர். இருவரும் நல்லவர்களே, இருவரும் வண்ணப் படங்கள் நிறைந்த ஏடுகளை விட்டுச் சென்றனர். உரிமையாளர் என்னிடம் அளந்து பார்க்கச் சொன்னார்.

சூடான உலையின் கேடு புகைபோக்கியிலே தெரியும். 1000 பாகையை அண்டிய எரிபுகை, எரிபொருள் தந்த வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிடும். அப்புகையின் வெப்பத்தால் உள்வரும் வளியை முன்கூட்டியே சூடாக்கும் வெப்பமாற்றியைப் பொருத்தினால், எரிபொருளில் நான்கிலொரு பங்களவு மிச்சமாகும். வாயுக்காரர் ஏட்டில் இருந்தது மெய்யே. எனினும், காபனேற்றிய தோலின் ஆழத்தை இருமடங்காக்க நேரம் நான்கு மடங்காகும். அத்தனை நேரமும் எரியும் சுடரடுப்புகளில் வளி வேண்டியதற்கு மிகுதியாகவே திறந்து கிடந்தது. உலைக் கதவுகளின் விளிம்புகளும் பொருந்தவில்லை. வால்வுகளைத் திருத்தி, கதவுகளுக்குப் புதிய அடைப்பு வைத்தபோது, எதனையும் வாங்குமுன்னரே செலவு குறையத் தொடங்கிற்று. இதனை எந்த ஏடும் சொல்லவில்லை. விற்பதற்கு அதில் ஒன்றுமில்லையல்லவா? அதன்பின்னரே காபனேற்றும் உலைகளுக்கு வெப்பமாற்றிகள் வந்தன. 200 பாகைக்குள் நிகழும் இறுதிப் பதமாக்கலுக்கு உரிமையாளர் மின்னுலைகளை வாங்கினார். பிரதிநிதிகள் இருவருக்கும் அரைமகிழ்ச்சி. தொழிலாளர் எவரும் வெளியேற நேரவில்லை.

அபாயத்தைப்பற்றியும் ஒரு சொல். உலைக்குள் நிரம்பும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்ற நஞ்சு. உலை 760 பாகையை அடையுமுன் அவ்வாயுவை உள்ளே விட்டால் வெடிக்கவும் கூடும். வால்வின் அருகே தொங்கிய அறிவித்தலை அங்குள்ள முதியவர் ஒருவர் ஒவ்வொரு காலையும் புதிதாகப் படிப்பவர்போற் படித்துவிட்டே கைவைப்பார்.

அக்காலத்தில் நாம் போடாத கணக்கொன்று இன்று முன்னிற்கின்றது. ஒரே அளவு வெப்பத்துக்கு நிலக்கரியைவிட இயற்கை வாயு ஏறத்தாழ 40 சதவீதம் குறைவாகவே காபனீரொட்சைட்டை விடுகின்றது. ஆனால் எரியாமற் கசியும் மெதேன், நூறாண்டுக் கணக்கில் காபனீரொட்சைட்டினும் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். கிணற்றுக்கும் உலைக்கும் இடையே சிறிது கசிந்தாலும் பெற்ற நலத்திற் பெரும்பகுதி போய்விடும். ரஷ்ய வாயுவை நம்பியிருந்த ஐரோப்பியத் தொழிலகங்கள் 2022இல் விலையேற்றத்தால் திணறியதையும் கண்டோம்.

நம் நாட்டில் மன்னார்ப் படுகையில் 2011இல் இயற்கை வாயு கண்டறியப்பட்டது. இன்னும் உலைக்கு வந்து சேரவில்லை. புரோப்பேனிலிருந்தும் காபனேற்றும் கலவையை ஆக்கலாம் என்பதால், அதற்காக நம் தொழிலகங்கள் காத்திருக்கத் தேவையில்லை. வெப்பவிணை ஒன்றும் எரிபுகையின் ஒட்சிசனை அளக்கும் கருவி ஒன்றும் அவற்றுக்கு முதலில் வேண்டியன என்பேன்.

வருங்காலத்தில் சுடரடுப்பில் ஐதரசன் எரியலாம். அல்லது சுடரடுப்பே நீங்கி மின்சாரம் வரலாம். இரண்டும் வெப்பம் தரும், காபன் தரா. வெற்றிட உலைகளில்கூட அசற்றலீனைச் சிறிது சிறிதாக ஊட்டியே பற்சில்லின் தோலை வன்மையாக்குகின்றனர். மின்னால் எரியும் உலையின் பக்கத்திலும், விரலளவு குழாயொன்றில் ஏதோவொரு வாயு உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கின்றது.