மறந்து உண்ட திராட்சை

பழங்களை நறுக்கிக் கலப்பது பெரிய சமையற்கலை அன்று. அதற்கு அடுப்பு வேண்டியதில்லை. பதம் பார்க்க வேண்டியதில்லை. கைபழகிய தாய்மார்கள் அதனைச் சமையல் என்றே கணக்கில் எடுப்பதில்லை. அதனாலேயே அது சிறுவர்களுக்கு ஏற்ற வேலையாக அமைந்துவிடுகிறது.

2024-ஆம் ஆண்டின் ரமலான், மார்ச்சுத் திங்கள் இரண்டாம் வாரத்தில், கோடை வெயிலின் துணையோடு வந்து சேர்ந்தது. கம்பத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் என் மகள் வாழ்கிறாள். அவளுடைய பிள்ளைகள் மூவரும் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் இல்லத்திற்கு வந்துவிடுவார்கள். நோன்பு திறப்பதற்கான பழக்கலவையை ஆயத்தம் செய்யும் பொறுப்பை என் துணைவியார் அவர்களுக்கும் எனக்குமாக ஒதுக்கியிருந்தார். கஞ்சியும் வடையும் அவருடைய ஆட்சி; பழம் எங்களுடைய ஆட்சி.

முல்லைப் பெரியாற்று நீர் பாயும் எங்கள் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குப் பஞ்சமில்லை. பிற இடங்களில் திராட்சைக்கு ஒரு பருவம் உண்டு. இங்கோ, தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துச் செய்யும் காலத்தை மாற்றி வைத்து, ஆண்டு முழுவதும் அறுவடை காண்கிறார்கள். 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கருநீல நிறம், தடித்த தோல், உள்ளே விதைகள். இவையே அதன் அடையாளம். அந்த விதைகள்தாம் பழக்கலவை செய்பவருக்குப் பெருஞ்சோதனை. ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து விதையை நீக்க வேண்டும். பெரியவர்களுக்கு அதற்குப் பொறுமை இராது. பிஞ்சு விரல்களுக்கு அது விளையாட்டு.

வேலைகளைப் பகிர்ந்துகொண்டோம். பன்னிரண்டு வயது மூத்தவள் பப்பாளியையும் முலாம்பழத்தையும் நறுக்குவாள். ஒன்பது வயதுப் பேரனுக்குத் திராட்சை. நான்கு வயதுக் கடைக்குட்டிக்கு, வாழைப்பழத்தை உரித்துக் கொடுக்கும் உயரிய பதவி! மாதுளையை நான் குறுக்கே பிளந்து, கவிழ்த்துப் பிடித்து, கரண்டியால் முதுகில் தட்டுவேன். முத்துக்கள் பொலபொலவென உதிர்வதைக் காண மூவரும் கூடிவிடுவார்கள்.

சின்னஞ்சிறு வேலையே ஆயினும் அதற்கும் ஒரு முறை உண்டு. வாழைப்பழத்தைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முன்னரே நறுக்கினால் காற்றுப்பட்டுக் கறுத்துவிடும். சிறிது எலுமிச்சைச் சாறு தெளித்தால் அதன் நிறம் காக்கப்படும். சர்க்கரையை முன்கூட்டியே தூவினால் அது பழங்களின் நீரையெல்லாம் வெளியே இழுத்துவிடும். துண்டுகள் துவண்டு சாற்றில் மிதக்கும். நாங்கள் சர்க்கரையே சேர்ப்பதில்லை. பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கிப் போட்டால் அந்த இனிப்பே போதும். ஒருநாள் மூத்தவள் வெள்ளரிக்காய் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தாள். "பழத்தோடு காயா?" என்று தம்பி நகைத்தான். பேரீச்சங்கனியுடன் வெள்ளரிக்காயைச் சேர்த்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உண்டதைத் தாம் கண்டதாக அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளதை எடுத்துச் சொன்னேன். அன்று முதல் வெள்ளரிக்கும் எங்கள் கிண்ணத்தில் இடம் கிடைத்தது.

அந்த ரமலானில்தான் பேரன் முதன்முதலாக முழு நோன்பு நோற்கத் தொடங்கியிருந்தான். அன்று அவனுக்கு மூன்றாவது நோன்பு. பாங்குக்கு இன்னும் அரைமணி நேரமே இருந்தது. பள்ளிக்கூடக் கதை ஒன்றைச் சுவையாகச் சொல்லிக்கொண்டே திராட்சையைப் பிளந்துகொண்டிருந்தான். ஒரு கனி வழுக்கித் தட்டின் விளிம்புக்கு ஓடிற்று. அதனைப் பிடித்தான், பிடித்த கை, பழக்கத்தினாலே, நேரே வாய்க்குப் போயிற்று. மென்று விழுங்கியும் விட்டான்.

"ஐயோ! உன் நோன்பு முறிந்து போய்விட்டது!" என்று கூவினாள் மூத்தவள்.

அவன் முகத்தில் அப்போது தோன்றிய மாற்றத்தை நான் எழுத்தில் வடிக்க இயலாது. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல், எழுந்து கொல்லைப்புறம் ஓடினான். அழத்தான் ஓடுகிறான் என்று அவன் அக்காள் எண்ணினாள். அவன் எங்கே போகிறான் என்பது எனக்குத் தெரியும். ஏனெனில், அதே வயதில் நானும் அங்கேதான் போனேன்.

1961-ஆம் ஆண்டு. எனக்கும் ஒன்பது வயது. எனக்கும் அதுவே முதல் ரமலான். பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சி வாங்கப் புறப்படும்போது, தட்டில் எடுத்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தில் ஒன்றை நினைவின்றி வாயில் போட்டுக்கொண்டேன். பாதி இறங்கிய பின்னரே நோன்பு நினைவுக்கு வந்தது. என்னை யாரும் பார்க்கவில்லை. நோன்புதான் போய்விட்டதே, இனி என்ன என்று கருதிக் கொல்லைக்குப் போய், பானையிலிருந்து இரண்டு குவளை நீரை மொண்டு குடித்தேன். மறந்து உண்டது ஒரு பழம். அறிந்து குடித்தது இரண்டு குவளை! அன்று மாலை என் அத்தா, "என் மகன் நோன்பாளி" என்று சபையில் கூறி எனக்குப் புதுத் தொப்பி அணிவித்தார்கள். அந்தத் தொப்பி என் தலையில் நெருப்பாய்ச் சுட்டது.

பல ஆண்டுகள் கழித்து, ஒரு ஜும்ஆப் பேருரையில் ஆலிம் ஒருவர் விளக்கக் கேட்டேன்: நோன்பாளி மறதியாக உண்டுவிட்டாலோ பருகிவிட்டாலோ தம் நோன்பை அவர் நிறைவு செய்யட்டும், அவருக்கு உணவளித்தவனும் நீர் புகட்டியவனும் அல்லாஹ்வே என்பது நபிமொழி. நினைவு வந்ததும் வாயில் எஞ்சியதை உமிழ்ந்துவிட்டுத் தொடர வேண்டியதுதான். அந்தப் பேரீச்சம்பழம் என் நோன்பை முறிக்கவில்லை. அச்சமும் அறியாமையும் சேர்ந்தே முறித்தன. பருவமடையாத சிறுவன்மீது நோன்பு கடமையில்லை என்பதும், அதனால் எனக்குக் குற்றமில்லை என்பதும் உண்மையே. ஆயினும், அந்த ஒரே ஒரு செய்தியை எவரேனும் எனக்கு முன்பே சொல்லியிருக்கலாகாதா என்ற ஏக்கம் மட்டும் நீங்கவே இல்லை.

கொல்லைக்கு விரைந்தேன். பேரன் குழாயடியில் நின்றிருந்தான். கையில் குவளை, குவளையில் நீர்.

"தம்பி, அதைக் குடித்துவிடாதே. உன் நோன்பு இன்னும் இருக்கிறது" என்றேன்.

நம்பாமல் பார்த்தான். நபிமொழியை எடுத்துக் கூறினேன். சற்று நேரம் சிந்தித்தான்.

"அப்படியென்றால், அல்லாஹ்வுக்கு என்மேல் கோபம் இல்லையா, நன்னா?"

"கோபமா? எல்லோரும் பாங்குக்குக் காத்திருக்க, உனக்கு மட்டும் அவன் முன்னதாகவே விருந்தளித்திருக்கிறான்!"

குவளை நீரை அருகிலிருந்த முருங்கையின் வேரில் ஊற்றினான். அந்தக் குழாயடியிலேயே அமர்ந்து, அறுபத்து மூன்று ஆண்டுகளாக எவரிடமும் சொல்லாதிருந்த என் கதையை அவனிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பாவம் நன்னா நீங்கள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உள்ளே திரும்பியபோது மூத்தவள் தலைகுனிந்து நின்றாள். "எனக்குத் தெரியாது நன்னா" என்றாள். அவளைக் கடிந்துகொள்ள என்ன இருக்கிறது? நோன்பை முறிப்பவை எவை என்று பிள்ளைகளுக்குப் பட்டியலிட்டுச் சொல்லித் தருகிறோம்; முறிக்காதவற்றைச் சொல்ல மறந்துவிடுகிறோம். அச்சத்தை முதலில் கற்பித்துவிட்டு, அருளைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கிறோம். அந்தப் பிற்பாடு வருவதற்குள் ஒரு குழந்தை கொல்லைப்புறம் ஓடிவிடுகிறது.

வாழைப்பழத்தைச் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, கிளறி முடித்தோம். அண்டை வீட்டுக்கு ஒரு கிண்ணம் மூத்தவள் கையில் போயிற்று. பருவத்தின் முதற்கனி கொண்டுவரப்பட்டால், அண்ணலார் (ஸல்) அவர்கள் அருள்வளம் வேண்டி இறைஞ்சிவிட்டு, அங்கிருக்கும் குழந்தைகளில் மிகச் சிறியவரை அழைத்து அதனைக் கொடுப்பார்கள் என்று அறிந்திருக்கிறோம். அவ்வழியிலே எங்கள் வீட்டில் முதற்கிண்ணம் எப்போதும் கடைக்குட்டிக்கே. அவள் பாங்குக்குக் காத்திருக்கத் தேவையில்லை அல்லவா!

பாங்கொலி கேட்டது. பேரன் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, நிறைந்த முகத்தோடு தன் நோன்பைத் திறந்தான். அன்று நானும் அவனோடு சேர்ந்து, 1961-இல் திறக்காமல் விட்ட ஒரு நோன்பைத் திறந்ததாகவே உணர்ந்தேன். எல்லாப் புகழும் இறைவனுக்கே.